சிவப்பு கருப்புக்கு

எல்லாருக்கும் இரண்டு காது இருந்தாலும், ஒலிபெருக்கித் தொழிலில் 'காது' என்றால் ஒருத்தர்தான். யாராவது ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்தாலும், கிழிந்த ஸ்பீக்கருக்குப் புதுக் கூம்பு ஒட்டினாலும், "காதுக்காரர் கேட்டாச்சா?" என்பதுதான் அடுத்த கேள்வி. அவர் வருவார். நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்காருவார். கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு பாட்டை முழுக்கக் கேட்பார். நல்லது என்றால் நல்லது. இல்லை என்றால் செய்தவன் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். "பால் பொங்கி வழியறது மட்டும் இந்தக் காதுல விழாது" என்பாள் அவர் மனைவி. அதுவும் அவர் காதில் விழுந்ததில்லை.

மற்றபடி மனிதர் தங்கமானவர் என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை. காது எவ்வளவு கூர்மையோ, நாக்கு அதைவிடக் கூர்மை. ஒருவர் செய்த பெட்டியைக் கேட்டுவிட்டு "சளி பிடிச்சிருக்கு" என்றார். செய்தவருக்குச் சாகும்வரை 'சளி' என்றே பேர். இன்னொருவர் 'தகரம்' ஆனார். அவர் வைத்த பேர்களில் எல்லாம் அழுத்தமாக நின்றது, சொந்தத் தங்கையின் கணவருக்கு வைத்த பேர்தான். கலர் குருடன்.

அந்தப் பேர் வைத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு தங்கை அவர் வீட்டு வாசற்படி ஏறவில்லை. அவர் மகன் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வந்தாள், சாப்பிட்டாள், போனாள். "நல்லா இருக்கீங்களா? வரோம்." அவ்வளவுதான் பேச்சு. சின்ன வயதிலிருந்து அண்ணனை நீ, வா, போ என்று கூப்பிட்டவள் அவள். கோபம் வந்தால் 'போடா' கூடச் சொல்வாள். அந்த வாயிலிருந்து 'நீங்க' வந்தபோது அவருக்கு யாரோ அந்நிய வீட்டுப் பெண்மணி பேசியது போல இருந்தது. எதற்கும் அசையாத மனிதருக்கு அந்த ஒரு 'நீங்க' மட்டும் உள்ளுக்குள் முள்ளாகவே கிடந்தது.

இந்த நிலையில்தான் அரங்கக்காரர் போன் செய்தார். அப்பா விட்டுப்போன சினிமா தியேட்டரை மூடி, அதைப் பாட்டுக் கேட்கும் அரங்கமாக மாற்றிக்கொண்டிருந்தவர் அவர்.

"சார், திரைக்குப் பின்னாடி இருந்த பழைய ஹாரன் பெட்டி ரெண்டும் பத்திரமா இருக்கு. ஆனா நெட்வொர்க் ரெண்டு செட் இருக்கு சார். ஒண்ணு கம்பெனியோட இரும்புப் பெட்டி. இன்னொண்ணு பலகைல கட்டினது, அட்டைப்பெட்டிக்குள்ள கிடந்தது. எதைப் போடறதுன்னு நீங்க கேட்டுச் சொல்லுங்க."

நெட்வொர்க் என்பது வேறொன்றுமில்லை. வருகிற பாட்டை இரண்டாகப் பிரித்து, கனத்த சத்தத்தைக் கீழே இருக்கும் பெரிய ஸ்பீக்கருக்கும், மெல்லிய சத்தத்தை மேலே வாயைப் பிளந்து நிற்கும் ஹாரனுக்கும் அனுப்பும் சாதனம். நாலு காயில், நாலு கண்டென்சர். பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் பிரிப்பதில் பிசகினால் பாடுகிறவன் தலை ஓரிடத்திலும் உடம்பு ஓரிடத்திலும் கிடக்கும்.

பலகையில் கட்டியது தன் மாப்பிள்ளையின், அதாவது தங்கை கணவரின், கைவேலை என்று காதுக்காரருக்கு உடனே தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் அதே தியேட்டரில், பத்துப் பேர் முன்னால், அதைக் கேட்டுக் கழித்துக் கட்டியவரே அவர்தானே. போனை வைத்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. இந்தத் தடவை அதையே நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டால் என்ன? அந்தச் செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போகலாம். சுமாராக இருந்தால்தான் என்ன, போனால் போகட்டும். தர்மம் போடுகிறவர் மனசோடு அவர் கிளம்பினார்.

காலையில் அரங்கத்தில் யாருமில்லை. மற்றவர்கள் கேட்க வருவது மூன்று மணிக்குத்தான். நாற்காலிகளையெல்லாம் பிடுங்கிவிட்டிருந்தார்கள். தரையில் போல்ட் இருந்த ஓட்டைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. ஆள் உயரத்துக்கு இரண்டு பெட்டிகள், மேலே கறுப்பு ஹாரன்கள். காதுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அட்டைப்பெட்டியைப் பிரித்தார். பச்சைப் பெயிண்ட் அடித்த இரண்டு பலகைகள். காயில்களில் கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. முன்பு இதையெல்லாம் அவர் பார்த்ததாக ஞாபகமில்லை.

முதல் பலகையின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. குண்டு குண்டான கையெழுத்து: 'ஹாரன்: சிவப்பு கருப்புக்கு.' பலகையின் சிவப்பு வயரை ஹாரனின் கருப்பு முனையில் மாட்டு என்று அர்த்தம்; வழக்கமாகச் சிவப்பைச் சிவப்பில்தான் மாட்டுவார்கள். அதன் மேல் நீல மையில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'தவறு' என்று எழுதி, ஒரு கையெழுத்தும் போட்டிருந்தது. நீல மை காதுக்காரருடையது. கையெழுத்தும் அவருடையதுதான்.

"பாவம், சிவப்பு எது கருப்பு எதுன்னே தெரியாம..." என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு அவர் வேலையைத் தொடங்கினார். ஒரு ஹாரனுக்குப் பின்னால் இருந்து சத்தம் எழுப்பும் டிரைவர் என்ற பாகம் கரகரத்தது. தூசியாக இருக்கும் என்று பின்மூடியைக் கழற்றித் துடைத்தார். வயர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, டார்ச் செல் ஒன்றை எடுத்து முனையில் தொட்டார். செல்லின் கூட்டல் பக்கம் சிவப்பில், கழித்தல் பக்கம் கருப்பில். டக் என்று சத்தம் வந்தது. உயிர் இருக்கிறது. ஆனால் உள்ளே இருந்த மெல்லிய தகடு ஹாரன் பக்கம் போகவில்லை. அவர் பக்கம் வந்தது.

மறுபடி தொட்டார். மறுபடியும் அவர் பக்கமே வந்தது. மற்ற ஹாரனைத் திறந்து பார்த்தார். அதிலும் அப்படியே. கீழே இருந்த பெரிய ஸ்பீக்கரில் தொட்டால் கூம்பு ஒழுங்காக முன்னால் தள்ளியது.

அவருக்கு விளங்கிவிட்டது. அந்தக் கம்பெனிக்காரன் தன் ஹாரனில் மட்டும் நிறத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறான். தன் சொந்த இரும்புப் பெட்டிக்குள்ளேயே வயரை மாற்றிப் போட்டு அதைச் சரிக்கட்டியிருக்கிறான். ஆகவே கம்பெனி நெட்வொர்க்கில் சிவப்புக்குச் சிவப்பு மாட்டினால் சரி. வெளியில் ஒருவர் கட்டிய நெட்வொர்க்கில் சிவப்பைக் கருப்புக்குத்தான் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் கீழ் ஸ்பீக்கர் தள்ளும்போது மேல் ஹாரன் இழுக்கும், நடுச் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். மாப்பிள்ளை இதைத் தெரிந்துதான் மாட்டியிருக்கிறார். தெரிந்துதான் சீட்டும் எழுதி ஒட்டியிருக்கிறார்.

அந்த நாள் அவருக்கு முழுசாக ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை அப்போது சின்னதாக ஒரு எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். மூன்று மாதம் உட்கார்ந்து கம்பி சுற்றியிருந்தார். கேட்பதற்கு முன்னால் காதுக்காரர் பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்: "என்ன மாப்பிள்ளை, சிவப்பைக் கொண்டுபோய் கருப்புல மாட்டியிருக்கீங்க?"

"இல்ல மச்சான், இந்த ஹாரனுக்கு அப்படித்தான். நான் செல்லு வெச்சு..."

"கம்பெனிக்காரன் முட்டாள், நீங்க புத்திசாலி. அப்படித்தானே? நகருங்க."

அவரே ஸ்க்ரூ டிரைவரை வாங்கி வயரை மாற்றினார். சீட்டில் கோடு கிழித்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். "நடுவுல பெரிய ஓட்டை. பாடறவன் சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாடறான். கலர் குருடன் கட்டின நெட்வொர்க் வேற எப்படி இருக்கும்?" பத்துப் பேரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை வாய் திறந்தார், அந்தச் சிரிப்பில் அது யாருக்கும் கேட்கவில்லை.

ஓட்டையைச் சரியாகவே கேட்டிருக்கிறது அந்தக் காது. அந்த ஓட்டையைப் போட்ட கையும் அவருடையதுதான் என்பது மட்டும் தெரியவில்லை.

வேடிக்கைக்கு வைத்த பேர்தான். ஆனால் வீட்டுக்கு வயரிங் செய்யக் கூப்பிடுகிறவர்களுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. சிவப்பு எது கருப்பு எது என்று தெரியாதவனை நம்பி யார் தன் வீட்டு மெயின் போர்டைத் திறந்துவிடுவார்கள்? ஒரே வருஷத்தில் கடையில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை கடையை மூடிவிட்டு ஏதோ ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்ததாகச் சொன்னார்கள். "அவருக்கு அதுதான் லாயக்கு" என்று காதுக்காரர் அப்போது சொன்னார். இப்போது அந்தச் சொல்லும் ஞாபகம் வந்து தொலைத்தது.

அவர் பலகைகளை இணைத்தார். சிவப்பை எடுத்துக் கருப்பில் மாட்டினார். ஒரு பாட்டைப் போட்டார். பாதியிலேயே நிறுத்திவிட்டார். முழுதும் கேட்கத் தைரியம் இல்லை.

அவருக்கு முன்னால் இருந்தது இப்போது இதுதான். நிறத்துக்கு நிறம் மாட்டினால் பலகை தோற்கும், தன் பேர் நிலைக்கும். இப்படியே விட்டால் பலகை ஜெயிக்கும், பத்தொன்பது வருஷத்துக் கணக்குக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். வயரை மாற்றும் அளவுக்கு அவர் கெட்டுப்போகவில்லை. விட்டுவிட்டார். ஆனால் மூன்று மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும், நகத்தால் கிள்ளி அந்தச் சீட்டை உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும். பயம்.

அரங்கக்காரரோடு இரண்டு பேர் வந்தார்கள். பழைய இசைத்தட்டுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் தட்டுக்காரர் ஒருவர். ஆம்ப்ளிஃபயர் செய்கிற ஆம்ப்காரர் இன்னொருவர். இரண்டு பேரும் அந்தப் பழைய பத்துப் பேரில் இருந்தவர்கள்தான்.

முதலில் கம்பெனி நெட்வொர்க். கண்டென்சர் கிழடு தட்டியிருந்தாலும் பாட்டு கம்பீரமாகத்தான் வந்தது. "இதுக்கென்ன குறைச்சல்?" என்றார் ஆம்ப்காரர். அடுத்து பலகை. அதே தட்டு, அதே இடம். பாடகி வாய் திறப்பதற்கு முன் இழுத்த மூச்சு கேட்டது. தட்டுக்காரர் இருந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார். அந்தத் தட்டை நாற்பது வருஷமாகக் கேட்கிறவர் அவர். பாட்டு முடியும்வரை உட்காரவேயில்லை.

"இதைப் போடுங்க" என்றார் தட்டுக்காரர். "கேள்வியே வேண்டாம்."

"சார், இதையா அப்பா காலத்துல நீங்க வேண்டாம்னீங்க?" அரங்கக்காரர் கேட்டார். குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மூன்று பேரும் காதுக்காரரின் வாயைப் பார்த்தார்கள். ஒரு வாக்கியம் போதும். நான்தான் அன்று வயரை மாற்றி மாட்டிவிட்டேன். ஐந்தே சொல். அந்த ஐந்தும் தொண்டைவரை வந்தன.

"புதுசுல எதுவுமே அப்படித்தான் இருக்கும்" என்றார். "காயிலு, கண்டென்சர் எல்லாம் பழகணும். பத்தொன்பது வருஷத்துல நல்லாப் பழகிடுச்சு."

மூவரும் தலையாட்டினார்கள். அந்தத் தொழிலில் 'பழகணும்' என்று சொல்லிவிட்டால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. விளங்காத எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லால் பூசி மெழுகிவிடலாம்.

"இது யாரு கட்டினது சார்?"

"வேற யாரு, நம்ம கலர் குருடன்தான்!" என்றார் ஆம்ப்காரர். "இவரோட மாப்பிள்ளை. குருடன் கைல கூட ஏதோ மாட்டியிருக்கு பாருங்க!" சிரித்தார். அரங்கக்காரரும் மரியாதைக்குச் சிரித்தார். காதுக்காரரும் சிரித்தார்.

தங்கை வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு டஜன் ஆப்பிள் வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. யோசிக்க யோசிக்க அவருக்கு மனசு லேசாகிக்கொண்டே வந்தது. யாருக்கு என்ன நஷ்டம்? நெட்வொர்க் ஜெயித்துவிட்டது. இத்தனை பெரிய அரங்கத்தில் மாப்பிள்ளையின் கைவேலை பாடப்போகிறது. தன் பேரும் தப்பித்தது.

தங்கை வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவள் அவரைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு, "வாங்க" என்றாள்.

மாப்பிள்ளை ஜன்னலோரம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. முன்னால் சின்னச் சின்ன நூல்கண்டுகள், பக்கத்தில் வரிசையாக நிறங்கள் ஒட்டிய நீள அட்டை. "உக்காருங்க மச்சான். வெளிச்சம் போறதுக்குள்ள இதை முடிச்சுடறேன்" என்றார், ஏதோ நேற்றுத்தான் வந்து போனவரிடம் சொல்வது போல.

"என்ன மாப்பிள்ளை இது?"

"சாயம் போட்ட நூலு. அட்டைல இருக்கற கலரோட ஒத்துப்போகுதான்னு பாத்துப் பிரிக்கணும். மில்லுல எனக்கு அதான் வேலை. பதினெட்டு வருஷமா." ஒரு கண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். "இந்தச் சிவப்புல மட்டும் பதினாலு இருக்கு. மெஷினு கூட ரெண்டு மூணுல ஏமாந்துடும்."

காதுக்காரருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஆப்பிள் பையைத் தரையில் வைத்துவிட்டுச் செய்தியைச் சொன்னார். இரண்டு நெட்வொர்க், மூன்று பேர், தட்டுக்காரர் எழுந்து நின்றது, எல்லாம். சொல்லச் சொல்லத் தங்கையின் முகம் மலர்வதை அவர் பார்த்தார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளை நூலைக் கீழே வைத்தார். "ஹாரனை எப்படி மாட்டினீங்க?"

"சிவப்பு... கருப்புக்கு."

"செல்லு வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

தங்கை கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அவள் புருஷனைப் பார்த்தாள், நான் சொன்னேனே என்பது போல.

"அங்க என்ன சொன்னீங்க?" என்றார் மாப்பிள்ளை. "அப்ப ஏன் நல்லா இல்லைன்னு கேட்டிருப்பாங்களே."

"அது... பழகிடுச்சுன்னு..."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "அட்டைப்பெட்டிக்குள்ள கிடந்தது பழகிடுச்சா? பத்தொன்பது வருஷமா அதுல ஒரு பாட்டு போகல மச்சான். மத்தவங்க காதுல பூ வெச்சுட்டீங்க, சரி. உங்க காதுலயுமா?" சிரிப்பு நின்றது. "பலகைல ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன். இருக்கா?"

"இருக்கு" என்று காதுக்காரர் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து மேஜைமேல் வைத்தார். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

"இருக்குன்னா பலகைல இருக்கணும். உங்க பைல இருந்தா என்ன அர்த்தம்?"

தங்கை அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். நீலக் கோட்டைப் பார்த்தாள். 'தவறு' என்ற சொல்லைப் படித்தாள்.

"அன்னைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும்" என்றாள். "கடைல அதே கம்பெனி ஹாரனோட பழைய டிரைவர் ஒண்ணு இருந்துச்சு. அதைத் திறந்து, செல்லை வெச்சு இவர் எனக்குக் காட்டினார். நாளைக்கே அந்தப் பத்துப் பேரையும் கூப்பிட்டுக் காட்டறேன்னு நின்னார். நான்தான் கால்ல விழாத குறையாத் தடுத்தேன். எங்க அண்ணன்கிட்ட அந்தக் காது ஒண்ணுதான் இருக்கு, அதைப் பிடுங்கிடாதீங்க, அவனே ஒரு நாள் கண்டுபிடிச்சு வருவான்னு சொன்னேன். கடையை மூடறப்பவும் சொன்னேன். உன் வீட்டுக்கு வந்தா வாய் தவறி உளறிடுவேன்னு பயந்துதான் வரவேயில்ல. கண்டுபிடிச்சுட்ட. கண்டுபிடிச்சு என்னடா பண்ணின? சீட்டை உரிச்சு எடுத்துட்டு வந்திருக்க!"

உன் வீடு. கண்டுபிடிச்சுட்ட. என்னடா. இத்தனை திட்டுக்கு நடுவிலும் காதுக்காரரின் மனசு அந்தச் சொற்களைப் பொறுக்கிக்கொண்டது. எத்தனை வருஷம் ஆயிற்று! திட்டட்டும், இன்னும் திட்டட்டும் என்றிருந்தது.

"அந்தப் பேரைச் சொன்னாங்களா அங்க?" என்று கேட்டாள்.

"...சொன்னாங்க."

"நீ என்ன பண்ணின?"

அவர் குனிந்து ஆப்பிள் பையை நகர்த்தி வைத்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்த வாய் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ, அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"நாளைக்கே போய்ச் சொல்லிடறேன் மாப்பிள்ளை" என்றார் காதுக்காரர். "எல்லார் முன்னாடியும். தப்பு என்னோடதுதான்னு."

"வேண்டாம்." மாப்பிள்ளை மறுபடி நூலை எடுத்துக்கொண்டார். "இன்னைக்குச் சொல்லியிருந்தா அது எனக்கு. நாளைக்குச் சொன்னா அது உங்களுக்கு. தப்பை ஒத்துக்கிட்ட பெரிய மனுஷன்னு அதுக்கும் நாலு பேர் கை தட்டுவாங்க. எனக்கு இனிமே என்ன, கடையைத் திறக்கப் போறேனா?" வெளிச்சம் மங்கிவிட்டது. கண்டை ஜன்னலுக்கு இன்னும் பக்கத்தில் பிடித்தார். "ஒண்ணே ஒண்ணு. யாராவது வந்து சிவப்புக்குச் சிவப்பு மாட்டிடப் போறாங்க. சீட்டு வேற இல்ல. புதுசா ஒண்ணு எழுதி ஒட்டிடுங்க. உங்க கையெழுத்துலயே எழுதுங்க, அப்பதான் நம்புவாங்க."

காதுக்காரர் எழுந்தார். மாப்பிள்ளை நிமிரவில்லை. கதவுவரை நடந்தார். பின்னால் தங்கை வரும் சத்தம் கேட்டது. அவருக்கு நப்பாசை விடவில்லை. இன்னொரு தடவை 'டா' போட்டுத் திட்டினால் போதும், நாளைக்கும் வரலாம், நாளை மறுநாளும் வரலாம் என்று நினைத்துக்கொண்டு மெதுவாகச் செருப்பை மாட்டினார்.

அவள் முகத்தைக் கழுவித் துடைத்திருந்தாள். மாடிப்படி விளக்கைப் போட்டாள்.

"மூணாவது படி உடைஞ்சிருக்கு" என்றாள். "பாத்துப் போங்க."

வயது ஆனாலும் அந்தக் காதில் ஒரு பழுதும் இல்லை. கடைசி எழுத்துவரை கேட்டது.